யார் தூக்கிய கை

நாச்சிமுத்துவின் வலது கை மேலே போனது. அவர் தூக்கவில்லை. அதுவாகப் போனது.

"பாருங்க அம்மிணி, போகுது பாருங்க," என்றார். பேருந்து நெரிசலில் தன் பையில் கைவிட்டவனைப் பிடித்துக்கொடுக்கிற குரல். கை தோளைத் தாண்டி உயர்ந்தது, முழங்கை நிமிர்ந்தது, மூன்று விநாடி அங்கேயே நின்றது. பிறகு கண்ணாடிப் பாத்திரத்தை இறக்கி வைப்பது போல மெதுவாகத் தொடைமேல் வந்து அமர்ந்தது. அடுத்து இடது கை கிளம்பியது.

"தொண்ணூறு வயசு வரைக்கும் இந்தத் தோள் இறுகாதுங்கய்யா," என்றாள் மெர்சி. சொல்லும்போதே தன் குரல் தனக்குப் பிடிக்கவில்லை.

"இறுகாம இருக்கட்டும். வேண்டாங்கல. முப்பத்திநாலு வருஷம் கரண்ட் கம்பத்துல ஏறின கை அம்மிணி இது. நான் சொல்லாம ஒரு நாளும் மேல போனதில்ல. இப்ப என்னைக் கேக்காமயே போகுது. என்ற கைதானா இது?"

மெர்சி கையிலிருந்த பலகைக் கணினியைப் பார்த்தாள். பயிற்சி: நாச்சிமுத்து, வயது 77. இன்றைய நேரம்: ஐம்பத்தைந்து நிமிடம். முடிந்தது: பன்னிரண்டு. மனநிலை: முப்பத்தொன்று.

கோவை வடவள்ளிக்கு மேற்கே இருக்கிறது மருதம் முதியோர் இல்லம். காலை ஒன்பதரைக்கு அதன் கூடத்தில் பதினெட்டு நாற்காலிகள், பதினெட்டுப் பேர். வாசலிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூட டிரில் போல அழகாக இருக்கும். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் ஏறும், இறங்கும். பக்கத்தில் வந்தால்தான் முகங்கள் தெரியும். ஒருவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் எதையும் பார்க்கமாட்டார். கைக்கடிகாரக் கடை வைத்திருந்த கபூர் பாய் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார். தூக்கத்திலேயே அவர் கைகள் ஏறி இறங்கும்.

எல்லாவற்றையும் செய்தது அவர்கள் போட்டிருந்த உடை. நிறுவனம் அதற்கு நீளமான பெயர் ஒன்று வைத்திருந்தது. இல்லத்தில் எல்லோரும் 'சட்டை' என்றுதான் சொன்னார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மெல்லிய துணி. அதற்குள் தசையைப் போலச் சுருங்கி விரியும் நார்கள். இடுப்பின் பின்னால் சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி. நாரில் மின்சாரம் பாய்ந்தால் அது சுருங்கும். சுருங்கினால் கை எழும், கால் மடங்கும், முதுகு நிமிரும். உள்ளே இருக்கிற மனிதர் விழித்திருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயமில்லை.

மெர்சி மார்த்தாண்டத்துக்காரி. இந்த இல்லத்தில் பதினோரு வருடமாக இயன்முறை மருத்துவர். சட்டை வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. அதை அவள் மறைக்கவில்லை. சட்டைக்கு முன்னால் அவளே வகுப்பு எடுத்தாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ரப்பர் நாடாவைக் கொடுத்து, "இழுங்க, விடுங்க" என்று தொண்டை வறளக் கத்துவாள். பதினெட்டுப் பேரில் ஒன்பது பேர் வருவார்கள். மழை பெய்தால் நாலு பேர். ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்கு மகள் தொலைபேசியில் கூப்பிடுகிற நேரம். வந்தவர்களும் ஐந்து முறை இழுத்துவிட்டுப் பத்து என்பார்கள். ஒரு வருடம் மல்லுக்கட்டினால் ஒருவருடைய முழங்கால் பத்துப் பாகை கூடுதலாக மடங்கும். அடுத்த மாதம் அவருக்குக் காய்ச்சல் வரும், எல்லாம் போய்விடும்.

சட்டை வந்த நாலே மாதத்தில், நாற்காலியிலிருந்து எழ இரண்டு ஆட்கள் தேவைப்பட்ட நாச்சிமுத்து தானே எழுந்தார். கபூர் பாய் மாடிப்படி ஏறினார். எண்கள் பொய் சொல்லவில்லை.

மனநிலை எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.

இதைப் பற்றி அவள் நிறுவனத்தின் ஹரிகேசவனிடம் முதல் மாதமே கேட்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். மிக மரியாதையான பையன். வரும்போதெல்லாம் பெரியவர்களுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவான்.

"மணிக்கட்டுல இருக்கற பட்டை நாடி, வியர்வை, குரல் எல்லாத்தையும் பார்த்து மனநிலையை அளக்குது மேடம்," என்றான். "எண் குறைஞ்சா, மறுநாள் பயிற்சி நேரம் தானா கூடும்."

"எதுக்குக் கூடணும்?"

"உடம்பு அசைஞ்சா மனசு தெளியும்கறது தெரிஞ்சதுதானே? சோர்ந்திருக்கறவங்களுக்குத்தானே அது அதிகமா வேணும்?"

"சோர்வு இல்லாம கோபமா இருந்தா?"

"பட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாது மேடம். குறைவுன்னா குறைவு."

"அந்தக் கோபமே சட்டை மேலன்னா?"

அவன் சிரித்தான். "பழகிட்டா போயிடும்."

போகவில்லை. நாச்சிமுத்துவுக்கு நாற்பது நிமிடத்தில் ஆரம்பித்தது. கோபப்பட்டார், நாற்பத்தெட்டு ஆனது. கூடுதல் எட்டு நிமிடத்துக்குக் கோபப்பட்டார், ஐம்பத்தைந்து ஆனது. நாலாவது மாதக் கடைசியில் எழுபதில் வந்து நின்றது. மதியச் சாப்பாட்டில் ரசம் சோற்றைப் பிசைந்தபடியே தூங்கிவிழ ஆரம்பித்தார். மெர்சி நேரத்தைக் குறைக்கப் பார்த்தாள். பலகைக் கணினி ஏற்கவில்லை. 'குடும்பத்தினரின் ஒப்புதல் தேவை' என்றது.

குடும்பம் என்றால் ஓசூரில் இருக்கிற மகன் மோகனசுந்தரம். மூன்று நாள் முயன்றபிறகு போனில் கிடைத்தான்.

"உங்க அப்பாவுக்கு இது பிடிக்கல சார். நிறுத்தச் சொல்றார்."

"அப்பா எப்பவுமே அப்படித்தான் மேடம். எது வந்தாலும் முதல்ல வேண்டாம்பார்."

"அவருக்கு நினைவெல்லாம் தெளிவா இருக்கு. அவரோட சம்மதத்தை அவர்கிட்டதானே கேட்கணும்? நீங்க எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"படிவத்துல மகன்னு போட்டிருந்தது, போட்டேன். மேடம், ஒண்ணு கேக்கறேன். போன வருஷம் அவரைக் கட்டில்லருந்து தூக்கும்போது கீழ போட்டுட்டாங்க. ஞாபகமிருக்கா? இப்பத் தானா எழுந்திருக்கிறாரு. வீடியோ பார்த்து என் சம்சாரம் அழுதுட்டா. இதுக்கு மேல என்ன மேடம் வேணும்?"

மெர்சி போனை வைத்தாள். அவன் சொன்னது உண்மையாக இருந்ததுதான் அவளை மேலும் எரிச்சலூட்டியது. நல்ல மகன். நல்ல சட்டை. நல்ல எண்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அடுத்த திங்கட்கிழமை கைகள் எழுந்தபோது, நாச்சிமுத்துவின் கை மற்றவர்களுடையதைவிட அரை விநாடி தாமதமாக எழுந்தது. மெர்சி நிமிர்ந்து பார்த்தாள். கை தோள் உயரத்துக்கு வந்தது. அங்கே நின்றபோது விரல்கள் லேசாக நடுங்கின.

சட்டை தூக்கும் கை நடுங்காது.

அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. பெட்டியிலிருந்து வழக்கமாக வரும் மெல்லிய ரீங்காரம் இல்லை. கணினியைப் பார்த்தாள். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. வலது கை, ஆறு முறை. முடிந்தது.

பயிற்சி முடிந்ததும் நடைபாதையில் அவரைப் பிடித்தாள். "என்னய்யா செஞ்சீங்க?"

"நான் என்னத்தைச் செஞ்சேன்?"

"ஐயா."

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பெட்டியிலிருந்து ரெண்டு லைன் போகுது அம்மிணி. ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு மீட்டருக்கு. வேலை லைனை உருவிட்டேன். மீட்டர் லைனை நான் தொடலைங்க. கை மேல போச்சா இல்லையான்னு அது பார்க்குது, எழுதிக்குது. யாரு தூக்குனாங்கறது அதுக்கெதுக்கு?"

மெர்சி இதை நிறுத்தியிருக்க வேண்டும். அன்று மாலை அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். அவள் எழுதவில்லை. மறுநாள் அவருக்கு எழுபது நிமிடம் குறித்திருந்தது. முப்பதாவது நிமிடத்தில் மூச்சு வாங்கி நிறுத்திவிட்டார். மீதியை 'உடல் அயர்ச்சி' என்று அவளே குறித்துக்கொடுத்தாள். மனநிலை எண் முப்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டுக்குத் தாவியிருந்தது.

விஷயம் ஒரே வாரத்தில் கூடம் முழுக்கப் பரவியது. கபூர் பாய் தன் இடுப்பைக் காட்டி, "எனக்கும் உருவிவிடுங்க நாச்சிமுத்து," என்றார். சட்டை தூக்கிய நாலு மாதமும் தூங்கிய மனிதர், தானே தூக்க வேண்டும் என்றதும் விழித்துக்கொண்டார். மூன்றாவது வாரத்தில் பதினேழு பெட்டிகள் ஊமையாகிவிட்டன. பழையபடி இரைச்சல் வந்தது. "ஏழுதான் ஆச்சு, எட்டுங்கறாரு பாருங்க." "உங்க காலைப் பாருங்க, என்ற காலை எதுக்குப் பாக்கறீங்க?" சட்டை அவர்களுக்குக் கொடுத்திருந்த தெம்பு உடம்பில் இருந்தது. அதை இப்போது அவர்களே செலவழித்தார்கள். மனநிலை எண்கள் ஐம்பதைத் தாண்டின, அறுபதைத் தொட்டன. எண் ஏற ஏறக் கணினி நேரத்தைக் குறைத்தது. முப்பது நிமிடம் என்று அது நிறுத்திய பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை.

ஒரே ஒரு பெட்டி மட்டும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கமலவேணி அம்மாவுடையது.

அவருக்கு எண்பத்திரண்டு வயது. தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. நாச்சிமுத்து அவரிடமும் வந்து, "உங்களுக்கும் உருவிட்டுங்களா?" என்று கேட்டபோது அவர் வலது கையால் பெட்டியைப் பொத்திக்கொண்டார்.

"தொடாதீங்க."

"இல்லீங்க, இதை நம்பிக்கிட்டே இருந்தா…"

"உங்க கால் உங்க பேச்சைக் கேக்கும். எனக்கு அது கேக்காது. இந்தச் சட்டை வந்த அப்புறம்தான் நான் தனியா பாத்ரூம் போறேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன் மெர்சி," என்று அவள் பக்கம் திரும்பினார். "மூணு வருஷம் கழிச்சு. போட்டுட்டு அஞ்சு நிமிஷம் சும்மா நின்னுக்கிட்டிருந்தேன். உங்களுக்கெல்லாம் அது புரியாது."

நாச்சிமுத்து கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பதினேழு பேர் முக்கி முனகித் தூக்கும் கைகளோடு கமலவேணியின் கைகளும் சட்டையின் தயவில் ஏறி இறங்கின. யாருக்கும் அதில் வருத்தம் இல்லை.

இப்படியே போயிருந்தால் மெர்சிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை ஹரிகேசவன் ஆரஞ்சுப் பழங்களோடு ஒரு கேமராக்காரரையும் கூட்டி வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"சோதனைக்கு எடுத்த பதினாலு இல்லத்துல உங்களுடையதுதான் முதல் இடம் மேடம். உடம்பும் ஏறியிருக்கு, மனசும் ஏறியிருக்கு. முடிவை மேலிடத்துக்கு அனுப்பிட்டோம். அடுத்த மாசம் முந்நூற்று நாற்பது இல்லத்துக்குச் சட்டை போகுது. நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

கேமரா அவளைப் பார்த்தது. தொண்டை வலி என்று சொல்லித் தப்பித்தாள். கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். பதினேழு பேரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதினேழு பேருடைய பொய்யான எண்கள் முந்நூற்று நாற்பது இல்லங்களுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தன. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் குழாயை இறுக்கித் திருகினாள். கைப்பிடி கழன்று கையோடு வந்தது.

மறுநாள் காலைப் பலகாரத்துக்குப் பிறகு நாச்சிமுத்துவிடமும் கமலவேணியிடமும் சொன்னாள்.

"போற இடத்துல அவியளும் உருவிக்குவாங்க," என்றார் நாச்சிமுத்து.

"எல்லா இல்லத்துலயும் லைன்மேன் இருப்பாங்களாய்யா?"

 நாச்சிமுத்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "எழுபது நிமிஷம்," என்றார் பிறகு, தனக்குத்தானே. "நான் எழுபதுல இருந்தேன். கோபம் அதிகமா இருக்கறவனுக்கு எவ்வளவு போகும்?"

"நூற்றிருபது வரைக்கும் போகலாம்னு விதிமுறையில இருக்கு."

"சொல்லிடுங்க அம்மிணி. நான்தான் உருவினேன்னு சொல்லுங்க. எனக்குப் பழையபடி மாட்டினாலும் மாட்டட்டும்."

"நீங்க சுலபமா சொல்லிட்டீங்க," என்றார் கமலவேணி. குரல் கூர்மையாக இருந்தது. "இது ஏமாத்து வேலைன்னு தெரிஞ்சா மொத்தத்தையும் எடுத்துட்டுப் போவாங்க. என்னோடதும் போகும். அதை யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை என்பது நாச்சிமுத்துவின் முகத்திலேயே தெரிந்தது. மெர்சி யோசித்திருந்தாள். அதனால்தான் இரவெல்லாம் தூங்கவில்லை.

"நீங்க வேண்டாம்னா சொல்லலம்மா," என்றாள்.

கமலவேணி அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதை என் தலையில வைக்காதே. உன் தைரியத்துக்கு நான் ஜாமீன் போடமுடியாது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து, திரும்பாமலே சொன்னார். "நூற்றிருபது நிமிஷம்னா ரெண்டு மணி நேரம். போய்ச் சொல்லு."

ஹரிகேசவனின் அலுவலகம் அவிநாசி சாலையில் ஐந்தாவது மாடியில் இருந்தது. மெர்சி உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நாச்சிமுத்து இணைப்பை உருவியது, தான் பார்த்தது, மறைத்தது, அயர்ச்சி என்று பொய்யாகக் குறித்தது. வேலை போகும், மருத்துவர் பதிவும் போகலாம் என்று தயாராக வந்திருந்தாள்.

அவன் அதிர்ச்சி அடையவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"உட்காருங்க மேடம். எங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சட்டை உழைச்சா பேட்டரி இறங்கணும். உங்க இல்லத்துல இறங்கல. ரெண்டாவது வாரமே பார்த்துட்டோம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"உங்க இல்லம் மட்டும்னு நினைச்சீங்களா?" என்றான் அவன் மெதுவாக. "பதினாலுல ஒன்பது இல்லத்துல பேட்டரி இறங்கல. ஒவ்வொரு இடத்துலயும் யாரோ ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்காங்க. ஒரு இடத்துல ரேடியோ ரிப்பேர் பண்ணினவர். ஒரு இடத்துல நர்ஸே செஞ்சிருக்காங்க."

"மீதி அஞ்சு?"

அவன் மேசையைப் பார்த்தான்.

"மீதி அஞ்சு இல்லத்துல மனநிலை என்ன ஆச்சு ஹரி?"

"இறங்கியிருக்கு."

"எவ்வளவு?"

"மொத்தச் சராசரி ஏறியிருக்கு மேடம். மேலிடத்துல அதைத்தான் கேக்கறாங்க."

"ஒன்பது இடத்துல சட்டையைக் கழட்டினதாலதான் ஏறியிருக்கு!"

"கழட்டல. போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க." அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. இதை அவன் பலமுறை தனக்கே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். "சட்டை வர்றதுக்கு முன்னால உங்க வகுப்புக்கு எத்தனை பேர் வந்தாங்க? ஒன்பது. இப்போ பதினெட்டும் வர்றாங்க. நாலு மாசம் சட்டை தூக்கிவிட்டதாலதான் அவங்களுக்குத் தூக்கற பலம் வந்தது. சட்டையை ஏமாத்தணும்கற வைராக்கியத்துலதான் தினமும் செய்யறாங்க. அப்போ சட்டை வேலை செஞ்சுதா இல்லையா?"

 அதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியைப் பிரித்தெடுத்துத் தூக்கி எறிய மெர்சியால் முடியவில்லை.

"அப்போ அதை எழுதுங்க. யாரு தூக்கினாங்கன்னு அறிக்கையில எழுதுங்க."

"அப்படி ஒரு கேள்வியே படிவத்துல இல்ல மேடம்."

"அந்த அஞ்சு இல்லம் எதுன்னாவது சொல்லுங்க."

"சொல்லமுடியாது. தனிப்பட்ட விவரம்." எழுந்து நின்றான். கிளம்பலாம் என்று அர்த்தம். "நீங்க சொன்னதை நான் கேக்கலைன்னு வச்சுக்கறேன். உங்களுக்கு ஒண்ணும் வராது."

அவளுக்கு ஒன்றும் வரவில்லை. பத்து நாள் கழித்து இல்லத்துக்குத்தான் கடிதம் வந்தது. கடிதம் பாராட்டாகவே இருந்தது. மருதம் இல்லத்தில் திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்துவிட்டது, இங்குள்ளவர்கள் தாமாகவே இயங்கும் நிலையை எட்டிவிட்டார்கள், ஆகவே பதினெட்டுச் சட்டைகளும் தேவைப்படும் வேறு இல்லத்துக்கு மாற்றப்படுகின்றன. கூடவே சட்டம் போட்ட ஒரு சான்றிதழும், பதினாலு இல்லங்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் போட்ட வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்றும் வந்தன.

ஒரு சட்டையையாவது விட்டுவைக்கச் சொல்லி மெர்சி ஏழு கடிதம் எழுதினாள். ஒருவருக்கு இன்னும் தேவை, அவருக்கு அது இல்லாமல் நடக்கமுடியாது, மருத்துவச் சான்று இணைத்திருக்கிறேன் என்று எழுதினாள். 'பதினெட்டு ஒரே தொகுப்பு, பிரித்துத் தர இயலாது' என்று ஒரே ஒரு பதில் வந்தது. வேன் வந்தது. சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினார்கள். கமலவேணியின் சட்டையைக் கழற்றும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து அன்று பயிற்சிக்கு வரவில்லை. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. அறைக்குள் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த அம்மாவோட முகத்துல எப்படி முழிக்கறது?" என்றார் மெர்சியிடம்.

மெர்சி தினமும் காலை அரைமணி, மாலை அரைமணி கமலவேணியின் இடது காலைத் தன் கையால் மடக்கி நீட்டினாள். சட்டை இருந்தபோது ஒரு நாளைக்கு நூற்று நாற்பது அடி நடந்தவர், முதல் வாரம் அறுபது அடி நடந்தார், கம்பியைப் பிடித்துக்கொண்டு. அடுத்த வாரம் இருபத்திரண்டு. மூன்றாவது வாரம் பணிப்பெண் மறுபடி அவரோடு குளியலறைக்குள் போக ஆரம்பித்தாள். மெர்சியின் முதுகு வலித்தது. பதினெட்டுப் பேருக்கு அவள் ஒருத்தி. எவ்வளவு தள்ளினாலும் நகராத வண்டியைத் தள்ளுவது போல இருந்தது.

"விடு மெர்சி," என்றார் கமலவேணி ஒரு நாள், காலை இழுத்துக்கொள்ளமுடியாமல். "உன்னால முடியாது. உன்மேல தப்பில்ல. அந்த அஞ்சு இடத்துல என்ன நடக்குதுன்னாவது தெரிஞ்சுதா?"

"சொல்லமாட்டேன்னுட்டான்மா."

"பதினாலு இல்லத்துப் பேரும் அந்தத் தாள்ல இருக்கே. நம்மளை எடுத்துட்டா பதிமூணு. ஒவ்வொண்ணா கூப்பிட்டா தெரியாதா? தாலுகா ஆபீஸ்ல இதைவிட மோசமான தகவலையெல்லாம் நான் இப்படித்தான் பிடிச்சிருக்கேன்."

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு வேளையில் மெர்சி கமலவேணியின் அறையில் உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தாள். எண்ணைச் சொல்வது கமலவேணி, அழுத்துவது மெர்சி. முதல் மூன்று இடங்களில் எடுத்தவர்கள் நிறுவனத்திலிருந்து பேசுகிறாள் என்று நினைத்து, எல்லாம் நன்றாகப் போகிறது என்றார்கள். நாலாவது இடத்தில் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஐந்தாவது இடத்தில் யாரும் எடுக்கவில்லை. ஆறாவது இடத்தில் நிர்வாகி பேசினார். இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று கத்தினார். மூன்றாவது நாள் நாச்சிமுத்து கதவருகே வந்து நின்றார். கமலவேணி அவரைப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அவராகவே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஏழாவது எண் திண்டுக்கல் பக்கம் ஒரு இல்லம். ஒரு பெண் எடுத்தாள். குரலில் களைப்பு தெரிந்தது.

"நான் கோவையிலிருந்து மெர்சி. உங்களை மாதிரி இல்லத்துல இயன்முறை மருத்துவர். கம்பெனி ஆள் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க இல்லத்துல யாருக்காவது பயிற்சி நேரம் எழுபதைத் தாண்டியிருக்கா?"

 மறுமுனையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஹலோ?"

"பதினொரு பேருக்கு," என்றாள் அந்தப் பெண். "ஒரு அம்மாவுக்கு நூற்றிருபது. அவங்க இப்ப பேசறதே இல்லக்கா. கை மட்டும் போய்ட்டு வருது. நானும் எழுதாத இடம் இல்ல. நிறுத்த முடியலக்கா. நிறுத்த வழி இருக்கா?"

மெர்சி நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே முன்னால் குனிந்திருந்தார். ஒலிபெருக்கியை அழுத்தி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அம்மிணி, நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்க," என்றார் அவர். "இடுப்புக்குப் பின்னால பெட்டி இருக்குதுங்களா? அதுல ரெண்டு லைன் வரும். மேல இருக்கறது தடிச்சது, கீழ இருக்கறது மெல்லிசு. மெல்லிசைத் தொடக்கூடாது. தடிச்சதை இடது பக்கமா அரைத் திருகு…"

"இருங்க," என்றார் கமலவேணி.

நாச்சிமுத்து நிறுத்தினார். கமலவேணி வலது கையை நீட்டினார். மெர்சி போனை அதில் வைத்தாள். அவர் அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"நான் கமலவேணி பேசறேன். உங்க இல்லத்துல எத்தனை பேரும்மா?"

"இருபத்திமூணு பேரும்மா."

"இருபத்திமூணு பேர்கிட்டயும் தனித்தனியா போங்க. பக்கத்துல உட்காருங்க. உருவட்டுமா வேண்டாமான்னு கேளுங்க. வேண்டாம்னு சொல்றவங்க இருப்பாங்க. அவங்களோடதைத் தொடாதீங்க."

"பேசாத அந்த அம்மாகிட்டயும்?"

"அவங்ககிட்ட முதல்ல," என்றார் கமலவேணி. "பதில் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருங்க."